பொருத்திய கருவி எத்தனை ஆண்டு உழைக்கும்?

தியானப் பகுதி: 2 இராஜாக்கள் 20:1–11



இம்மாதப் பாடத்தை ஒரு கடிதத்திலிருந்து தொடங்குகிறோம். ஏழை நோயாளர் நிதிக்கு நெடுங்காலமாகக் காணிக்கை அனுப்பிவரும் ஒரு சகோதரர் எழுதியிருந்தார்: "ஐயா, ஒரு பெரியவருக்குச் சிறுநீர் கசியாமலிருக்க உடம்புக்குள் கருவி வைக்க நிதியிலிருந்து உதவினீர்கள் என்று அறிந்தேன். அது லட்சக்கணக்கில் ஆகும் என்கிறார்கள். பத்து வருஷத்தில் பழுதாகிவிடும் என்றும் கேள்விப்பட்டேன். அந்தப் பணத்தில் எத்தனை ஏழைகளுக்குக் கண் ஆபரேஷன் செய்திருக்கலாம்?"

கேள்வி நியாயமானது. கோபத்தோடு கேட்கப்பட்டதும் அல்ல. காணிக்கை கொடுக்கிறவர் கணக்குக் கேட்பது விசுவாசக் குறைவும் அல்ல. ஆகவே இந்தக் கருவி என்ன, ஆண்டுகள் கடந்தபின் அதன் பலன் என்ன, அதிலிருந்து நாம் கற்க வேண்டிய ஆவிக்குரிய பாடம் என்ன என்பவற்றை ஒளிவுமறைவின்றி எழுதுகிறோம். நாம் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

வெளியே சொல்ல முடியாத வியாதி

ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே பாக்கைவிடச் சற்றுப் பெரிதான ஒரு சுரப்பி இருக்கிறது. அதற்குப் பிராஸ்டேட் என்று பெயர். சிறுநீர் வெளியேறும் குழாய் அதன் நடுவாகச் செல்கிறது. சிறுநீரை அடக்கி வைக்க ஆண்டவர் இரண்டு பூட்டுகளைப் படைத்திருக்கிறார். ஒன்று, சிறுநீர்ப்பையின் கழுத்தில் உள்ள உட்புறச் சுருக்குத்தசை. மற்றொன்று, பிராஸ்டேட்டுக்குக் கீழே உள்ள வெளிப்புறச் சுருக்குத்தசை. புற்றுநோய்க்காக இந்தச் சுரப்பியை முழுவதும் அகற்றும்போது முதல் பூட்டின் காவல் பெரும்பாலும் போய்விடுகிறது. இரண்டாவது பூட்டு ஒன்றே காவல் காக்க வேண்டும். அதன் தசையோ நரம்போ அடிபட்டிருந்தால் இருமும்போதும், சிரிக்கும்போதும், நாற்காலியைவிட்டு எழும்போதும் சிறுநீர் கசிகிறது.

பெரும்பாலோருக்கு இக்கசிவு மாதங்கள் செல்லச்செல்லக் குறைந்துவிடும். இடுப்படித் தசைகளைச் சுருக்கி விரிக்கும் பயிற்சி இதற்கு உதவுகிறது. ஆகையால் மருத்துவர்கள் அவசரப்படுவதில்லை. பொதுவாக 6 மாதம் முதல் 1 வருடம் வரை பொறுத்துப் பார்த்த பிறகே மறு அறுவையைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆயினும் ஒரு சிலருக்கு வருடம் கடந்தும் கசிவு நிற்பதில்லை.

அப்படிப்பட்டவர்களை வார்டில் நாம் எளிதில் கண்டுகொள்வதில்லை. புற்றுநோயைச் சொல்லுகிறவர் இதைச் சொல்லமாட்டார். ஆலயத்தில் கடைசி வரிசையில் கதவோரமாக உட்காருவார். கோடையிலும் கறுப்புப் பேன்ட் போடுவார். ஆராதனைக்கு முந்திய இரவே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். மகள் வீட்டுக்குப் போனால் இரவு தங்கமாட்டார். பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் மூக்கைச் சுளித்தாரோ என்று ஒரு தரம் தோன்றிவிட்டால், அதன்பின் பயணமே செய்யமாட்டார். வீட்டில் துணி துவைக்கும் மனைவிக்கு மாத்திரமே உண்மை தெரியும். உயிருக்கு ஆபத்தில்லை என்று நாம் சொல்லுகிற இந்த வியாதி, ஒரு மனிதனைச் சபையிலிருந்தும் உறவிலிருந்தும் சத்தமில்லாமல் பிரித்துவிடுகிறது.

கருவி உண்டான விதம்

பழுதான பூட்டுக்குப் பதிலாக வேறொரு பூட்டு செய்ய முடியுமா என்று மருத்துவர்கள் நெடுநாள் முயன்றார்கள். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் டாக்டர் ஃபிரெடெரிக் ஃபோலி 1947இல் ஒரு செயற்கைச் சுருக்குக் கருவியை விவரித்து எழுதினார். நம் வார்டுகளில் தினமும் பயன்படும் ஃபோலி கதீட்டர் இவருடைய பெயரால்தான் வழங்குகிறது. ஆனால் உடலுக்குள் முழுவதும் வைக்கத்தக்க கருவி 1972இல்தான் வந்தது. ஹூஸ்டன் நகரில் டாக்டர் பிராண்ட்லி ஸ்காட், வில்லியம் பிராட்லி, ஜெரால்டு டிம் என்னும் இருவரோடு சேர்ந்து அதை உருவாக்கிப் பொருத்தினார். பல திருத்தங்களுக்குப் பின் 1983 முதல் ஏ.எம்.எஸ். 800 என்ற வடிவம் நிலைபெற்றது. சில மேம்பாடுகளுடன் இன்றும் உலகெங்கும் அதிகமாகப் பொருத்தப்படுவது அதுவே.

அதில் மூன்று பாகங்கள் உண்டு. மூன்றும் சிலிக்கோனால் ஆனவை. மெல்லிய குழல்களால் இணைக்கப்பட்டு உப்புநீரால் நிரப்பப்பட்டவை. முதலாவது, சிறுநீர்க் குழாயைச் சுற்றி வளையமாக வைக்கப்படும் கஃப். இரத்த அழுத்தம் பார்க்கக் கையில் சுற்றும் பட்டையின் சிறு பிள்ளை என்று நினைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, அடிவயிற்றில் வைக்கப்படும் சிறு பலூன். கஃப் எவ்வளவு அழுத்தத்தோடு குழாயை மூட வேண்டும் என்பதை இதுவே தீர்மானிக்கிறது. சாதாரணமாக வைக்கப்படும் பலூனின் அழுத்தம் 61 முதல் 70 சென்டிமீட்டர் நீர் உயரத்திற்குச் சமம். மூன்றாவது, விதைப்பைக்குள் வைக்கப்படும் பம்பு.

கஃப் எப்போதும் மூடியே இருக்கும். சிறுநீர் கழிக்க வேண்டும்போது அம்மனிதர் விரல்களால் பம்பை சில தரம் அமுக்குகிறார். கஃபிலுள்ள நீர் பலூனுக்குப் போகிறது, குழாய் திறக்கிறது. சில நிமிடங்களில் நீர் தானாகவே கஃபுக்குத் திரும்பி, குழாய் மறுபடியும் மூடிக்கொள்கிறது. மின்சாரமோ பாட்டரியோ இல்லை. அறுவைக்குப் பின் புண் ஆறும்வரை ஏறக்குறைய 6 வாரம் கருவியை நிறுத்தி வைத்திருந்து, அதன்பின்பே இயக்கிவைப்பார்கள். அந்த வாரங்களில் கசிவு பழையபடியே இருக்கும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் நோயாளி மனம் சோர்ந்துபோவார்.

ஆண்டுகளின் கணக்கு

இப்போது நம் சகோதரரின் கேள்விக்கு வருகிறோம். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் 1983 முதல் 2011 வரை முதன்முறையாகக் கருவி பொருத்தப்பட்ட 1,082 ஆண்களின் விவரம் 2015இல் வெளியிடப்பட்டது. மறு அறுவை தேவைப்படாமல் கருவி நிலைத்திருந்தது எத்தனை பேருக்கு என்று அவர்கள் கணக்கிட்டார்கள். முதல் ஆண்டு முடிவில் நூற்றுக்கு 90. ஐந்தாம் ஆண்டில் 74. பத்தாம் ஆண்டில் 57. பதினைந்தாம் ஆண்டில் 41.

ஆகவே "பத்து வருஷத்தில் பழுதாகிவிடும்" என்பது முழு உண்மை அல்ல. பத்தாம் ஆண்டிலும் பாதிக்கு மேற்பட்டவை முதல் கருவியாகவே இயங்குகின்றன. அதேசமயம் "ஒருமுறை வைத்தால் ஆயுள் முழுவதும் கவலையில்லை" என்பதும் உண்மை அல்ல. மறு அறுவை தேவைப்பட்டவர்கள் எல்லோரும் கைவிடப்பட்டவர்கள் என்றும் எண்ணக்கூடாது. அவர்களில் பலருக்குப் பழுதான பாகத்தையோ கருவி முழுவதையுமோ மாற்றிவைக்க முடிகிறது.

ஏன் பழுதாகிறது? முக்கியமாக நான்கு காரணங்கள். ஒன்று, குழலிலோ கஃபிலோ நுண்ணிய ஓட்டை விழுந்து நீர் வற்றிப்போவது போன்ற இயந்திரக் கோளாறு. இரண்டு, கஃபின் இடைவிடாத அழுத்தத்தால் சிறுநீர்க் குழாயின் சதை மெலிந்து, பட்டை தளர்ந்துபோவது. மூன்று, கிருமித் தொற்று. நான்கு, கஃப் குழாயை அரித்து உள்ளே புகுந்துவிடுவது. கடைசி இரண்டும் கடுமையானவை. அப்போது கருவியை வெளியே எடுத்துவிட்டு, புண் ஆறப் பல மாதங்கள் காத்திருக்க வேண்டும். முன்பு கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு இந்த அரிப்பைப் பற்றிய எச்சரிக்கை கூடுதலாகத் தேவை.

பல ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளிவந்த மற்றொரு கட்டுரை, நூற்றுக்கு ஏறத்தாழ 79 பேர் ஒன்றும் கசியாமலோ, நாளொன்றுக்கு ஒரு பேட் மட்டும் போதும் என்ற நிலையிலோ இருந்ததாகவும், ஏறத்தாழ 4இல் ஒருவருக்கு மறு அறுவை தேவைப்பட்டதாகவும் கூறியது. "ஒரு பேட்" என்பதைக் கவனியுங்கள். ஐந்தாறு துணி நனைந்தவருக்கு அது பெரிய விடுதலை. ஆனால் ஒரு சொட்டும் கசியாது என்று எதிர்பார்த்தவருக்கு அது ஏமாற்றம். பலன் ஒன்றுதான், எதிர்பார்ப்புதான் வேறுபடுகிறது.

நாடா முறை

கருவிக்குப் பதிலாக, சிறுநீர்க் குழாயின் அடியில் வலைபோன்ற செயற்கை நாடா ஒன்றை வைத்துத் தாங்கிக்கொடுக்கும் முறையும் உண்டு. அதை ஸ்லிங் என்கிறார்கள். அமுக்க வேண்டிய பம்பு அதில் இல்லை. இலேசான, நடுத்தரமான கசிவுக்கே அது பெரும்பாலும் ஏற்றது. கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு அதன் பலன் குறைவு.

பிரிட்டனில் 380 ஆண்களைக் கொண்டு இவ்விரு முறைகளையும் ஒப்பிட்டு நடத்திய மாஸ்டர் என்ற ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது. ஒரு சொட்டுக் கசிந்தாலும் கசிவு என்று கண்டிப்பாகக் கணக்கிட்டதில், ஓராண்டுக்குப் பின் நாடா வைத்தவர்களில் நூற்றுக்கு 87 பேருக்கும், கருவி வைத்தவர்களில் 84 பேருக்கும் ஏதோ அளவில் கசிவு இருந்தது! ஆனாலும் இரு சாராருக்கும் கசிவின் தொல்லை வெகுவாகக் குறைந்திருந்தது. கடுமையான பக்கவிளைவுகள் நாடா வைத்தவர்களுக்குக் குறைவு. வேறு சில அளவுகோல்களில் கருவி சற்று மேலாக இருந்தது. எனவே யாருக்கு எது என்பதை கசிவின் அளவு, முன் சிகிச்சை, கைவிரல்களின் பலம் ஆகியவற்றைப் பார்த்து மருத்துவரும் நோயாளியும் சேர்ந்தே முடிவுசெய்ய வேண்டும்.

நம்முடைய தவறு

நம் நிதியின் உதவியோடு, வேறொரு பெரிய மருத்துவமனையில் கருவி பொருத்திக்கொண்டவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். கருவி இயங்கத் தொடங்கிய சில வாரங்களில் அவர் ஆலயத்தின் முன்வரிசைக்கு வந்தார். நம் ஸ்தோத்திர ஆராதனையில் சாட்சி சொல்லும்படி அவரைக் கேட்டுக்கொண்டோம். "கர்த்தர் என்னை முற்றிலும் சுகமாக்கினார், இனி எனக்குக் குறைவில்லை" என்று அவர் கண்ணீரோடு சொன்னபோது நாமும் "ஆமென்" என்றோம். கருவிக்கும் வயதாகும் என்பது மருத்துவர் கொடுத்த காகிதத்தில் எழுதப்பட்டிருந்தது. நாம் அதைப் படித்திருந்தோம். ஆனாலும் மகிழ்ச்சியான நாளில் அதை ஏன் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டோம்.

ஒன்பதாம் ஆண்டில் கசிவு திரும்பியது. அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. முதலில் பின்வரிசைக்குப் போனார். பிறகு திருவிருந்துக்கு வருவதை நிறுத்தினார். "முழங்கால் வலி" என்று சொல்லியனுப்பினார். எட்டு மாதம் கழித்து நாம் வீட்டுக்குப் போனபோது, அம்மா காப்பி வைக்க உள்ளே போன நேரம் பார்த்துக் கேட்டார்: "ஐயா, அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் நான் சொன்ன சாட்சி பொய்யாகிவிட்டதே. கொடுத்ததை ஆண்டவர் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி நான் என்ன பாவம் செய்தேன்?"

இந்தக் கேள்வி நம்மை ஊடுருவியது. ஒரு குழலில் நீர் கசிந்து குறைந்ததை, தேவன் தன்னைவிட்டு விலகியதாக அவர் எட்டு மாதம் நினைத்துக்கொண்டிருந்தார். அப்படி நினைக்க இடம் கொடுத்தவர்கள் நாமே. மருத்துவர் அவருக்குச் சொன்ன உண்மையை, நாம் நம்முடைய ஆமெனால் மூடிவிட்டோம். அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். பிறகு வேதத்தைத் திறந்து எசேக்கியாவின் சரித்திரத்தைச் சேர்ந்து வாசித்தோம்.

எசேக்கியாவின் 15 ஆண்டுகள்

இப்பகுதியில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, சுகம் ஒரு கணக்கோடு வந்தது. எசேக்கியா சுவர்ப்புறமாகத் திரும்பி அழுது ஜெபித்தான். தேவன் அவன் ஜெபத்தைக் கேட்டார், கண்ணீரைக் கண்டார். ஆயினும் அவனுக்கு அருளியது முடிவில்லாத ஆயுள் அல்ல, 15 ஆண்டுகள். பதினாறாம் ஆண்டு இல்லையே என்பதால் அந்தப் பதினைந்தும் பொய்யாகிவிடுமா? மரித்து நான்கு நாளான லாசருவை ஆண்டவர் எழுப்பினார். அவனும் பின்பு ஒருநாள் மறுபடியும் மரித்திருக்க வேண்டும். அதனால் பெத்தானியாவில் நடந்த அற்புதம் குறைந்துபோகவில்லை. இவ்வுலகில் நாம் பெறும் சரீர சுகங்கள் எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. எல்லையில்லாத சுகம் உயிர்த்தெழுதலுக்காக வைக்கப்பட்டிருக்கிறது.

இரண்டாவது, வாக்குத்தத்தம் கிடைத்த பிறகும் அத்திப்பழ அடை தேவைப்பட்டது. ஏசாயா தீர்க்கதரிசி அதை எடுத்துவரச் சொல்லி, அவர்கள் அதைப் பிளவையின்மேல் வைத்தார்கள். மருந்து விசுவாசத்துக்கு எதிரி அல்ல. அந்த அடை உலர்ந்து விழுந்திருக்கும். அதற்காக யாரும் தேவன் கைவிட்டார் என்று சொல்லவில்லை. அப்படியே சிலிக்கோன் கஃப் தேய்வதும் அவர் கைவிட்டதற்கு அடையாளம் அல்ல.

மூன்றாவது, சுகத்தின் நோக்கம் என்ன என்று பாருங்கள். மூன்றாம் நாளில் கர்த்தருடைய ஆலயத்துக்குப் போவாய் என்பது எசேக்கியாவுக்குக் கிடைத்த வாக்கு. நம் ஆசிரியருக்கும் அதுவே கிடைத்தது. ஒன்பது ஆண்டுகள் அவர் ஆலயத்தில் கதவைப் பார்க்காமல் பலிபீடத்தைப் பார்த்து உட்கார்ந்தார். பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு இரவுப் பேருந்தில் போய் வந்தார். அந்த ஆண்டுகள் நிஜமானவை. "உங்கள் சாட்சி பொய்யல்ல ஐயா. அது நிறைவு பெறாமல் இருந்தது, அவ்வளவே. இப்போது மீதியையும் சொல்லலாம்" என்றோம்.

பரிசோதனையில் அவருக்கு அரிப்போ தொற்றோ இல்லை, நீர் வற்றியதுதான் காரணம் என்று தெரிந்தது. இந்தமுறை மருத்துவர் எல்லாவற்றையும் குடும்பத்தார் அனைவர் முன்பாகவும் விளக்கினார். கருவி மாற்றப்பட்டது. இன்று அவர் நாளொன்றுக்கு ஒரு சிறிய பேட் வைத்துக்கொள்கிறார். அதைப்பற்றி வெட்கமில்லாமல் பேசுகிறார். சென்ற ஸ்தோத்திர ஆராதனையில் மறுபடியும் எழுந்து நின்றார். "ஒன்பது வருஷம் கொடுத்தார். மறுபடியும் கொடுத்திருக்கிறார். எத்தனை வருஷத்துக்கு என்று நான் கேட்கவில்லை" என்றார். இந்தமுறை நாம் சொன்ன ஆமெனில் மறைத்துவைத்தது ஒன்றும் இல்லை.

கருவி உள்ளவர்களும் கவனிப்பவர்களும் அறிய வேண்டியவை

1. கருவி உள்ளவருக்கு, அதை நிறுத்திவைக்காமல் கதீட்டர் போடக்கூடாது. மூடிய கஃப் வழியாக டியூபைச் செலுத்தினால் குழாய் காயப்பட்டு, பின்னால் அரித்துவிடும். நினைவில்லாமல் அவசரப் பிரிவுக்கு வருகிறவரால் இதைச் சொல்ல முடியாது. ஆகவே கருவி இருப்பதைக் குறிக்கும் அட்டையைச் சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்க வேண்டும். வீட்டாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வெட்கத்தினால் மனைவி பிள்ளைகளிடமே மறைப்பது மிகவும் ஆபத்து.

2. விதைப்பையில் வீக்கம், சிவப்பு, வலி, காய்ச்சல், சிறுநீரில் இரத்தம், திடீரென்று திரும்பிய கசிவு இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். நம் ஆசிரியரைப்போல் எட்டு மாதம் காத்திருக்கக்கூடாது.

3. நெடுநேரம் சைக்கிள் இருக்கையில் அமர்வது கஃப் உள்ள இடத்தை அழுத்தும். மருத்துவரைக் கேட்டே செய்க.

4. பம்பை அமுக்க விரலில் பலமும் மனதில் தெளிவும் வேண்டும். முதுமையில் கை நடுங்கலாம், நினைவு தவறலாம். அந்நாளில் யார் உதவுவார், கருவியை நிரந்தரமாக நிறுத்திவைக்க வேண்டுமா என்பதைத் தெளிவுள்ள நாளிலேயே குடும்பத்தார் பேசி வைப்பது நல்லது. வீட்டுக் காரியத்தை ஒழுங்குபடுத்தும்படி எசேக்கியாவுக்குச் சொல்லப்பட்டதை இங்கும் நினைவுகூரலாம்.

சகோதரருக்கு நம் பதில்

அன்புச் சகோதரரே, உங்கள் காணிக்கை ஒரு நிரந்தரச் சுகத்தை வாங்கவில்லை. அப்படி நினைக்க நாம் உங்களுக்கும் இடம் கொடுத்திருந்தால் மன்னியுங்கள். அது சில ஆண்டுகளை வாங்கியது. எத்தனை ஆண்டு என்று ஒருவருக்கும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கண் அறுவையும் பிரசவமும் இந்த மருத்துவமனையில் தொடர்ந்து நடக்கின்றன, அவற்றின் பங்கைக் குறைத்து இதைச் செய்வதில்லை என்று நிதிக்குழு தீர்மானித்திருக்கிறது. எல்லோருக்கும் இக்கருவியை வைக்க நம்மால் இயலாது. முதலில் பயிற்சி, அடுத்து தரமான பேட், இலேசான கசிவுக்கு நாடா, கடுமையானதற்கே கருவி என்ற வரிசையைக் கடைப்பிடிக்கிறோம். கருவிக்கு உதவும்போது, பின்னாளில் மறு அறுவை தேவைப்படலாம் என்பதையும் நினைவில் வைத்தே முடிவு செய்கிறோம். தொடங்கிவிட்டு நடுவழியில் விடுவது தர்மம் அல்ல.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. உயிர் பிழைத்த ஒருவர் கதவோரத்தில் ஒளிந்து வாழ்வதை விட்டு, சகோதரர் நடுவே வந்து அமருவதற்கு விலை என்ன என்று நமக்குக் கணக்கிடத் தெரியவில்லை. பன்னிரண்டு வருஷம் பெரும்பாடுள்ள ஸ்திரீயை ஆண்டவர் கூட்டத்தின் நடுவில் நிறுத்தி மகள் என்று அழைத்தபோது, உதிரம் நின்றது மட்டுமல்ல, அவள் ஜனங்களிடத்தில் திரும்ப வந்தாள் என்பதையும் நாம் காண்கிறோம்.

குழுவாகச் சிந்திக்க

1. நம் சபையில் கடைசி வரிசையில் உட்காருகிறவர்கள் யார்? அவர்களில் எவருக்காவது சரீரக் காரணம் இருக்கக்கூடுமா?

2. சுகம் பெற்றவரிடம் சாட்சி கேட்கும்போது, அவர் சொல்லக்கூடாது என்று நாம் மறைமுகமாக எதிர்பார்ப்பது எது?

3. எசேக்கியாவைப்போல ஆண்டுக்கணக்கோடு நமக்குக் கிடைத்த நன்மைகள் எவை? அவற்றுக்காக ஸ்தோத்திரம் செலுத்தினோமா?

இந்தப் பாடத்தை வாசிக்கும் சகோதரர் எவருக்காவது இக்குறை இருக்குமானால், அதை மறைத்துத் துன்பப்பட வேண்டாம். அருகிலுள்ள சிறுநீரக அறுவை மருத்துவரையோ, உங்கள் சபைப் போதகரையோ, நம்மையோ அணுகுங்கள். உங்கள் இரகசியம் காக்கப்படும். நம் ஆசிரியருக்காகவும், கருவியோடு வாழும் எல்லோருக்காகவும், அவர்கள் துணிகளைத் துவைத்த கைகளுக்காகவும் ஜெபியுங்கள்.

உங்கள் ஜெபங்களை நாடும்,
மருத்துவமனைப் போதகர்